சேனைத் தண்ணீரும் சீம்பாலும்

பிள்ளை அடம்பிடித்து அழுதால் கள்ளக்குறிச்சிப் பக்கத்து வீடுகளில் பெரியவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “இதுக்கு யாரு சேனை வெச்சது?” பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ முதலில் தொட்டு வைப்பவரின் குணம் குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் இன்றும் இருக்கும் நம்பிக்கை. அதனால் அந்த ஆளைத் தேர்ந்தெடுப்பதில் வீட்டுக்குள் ஒரு சின்ன அரசியலே நடக்கும். கைராசிக்கார ஆயாவா, படித்து வேலைக்குப் போன அத்தையா, பொறுமைசாலியான தாய்மாமனா என்று பேச்சு நீளும். முடிவான ஆள் பஸ் பிடித்து வந்து சேரும்வரை குழந்தை காத்திருக்கும். பெற்றவளின் மார்பில் அந்த நேரத்தில் சுரந்து நிற்கும் மஞ்சள் நிறச் சீம்பால் மட்டும் யார் கணக்கிலும் வராது.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. சமவெளியில் கரும்பு, மக்காச்சோளம், மரவள்ளி. மேற்கே ஏறினால் கல்வராயன் மலை. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு என்று மலைமேல் ஊர்கள். அங்கே பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்துக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் முன்னோர் மலையேறி வந்ததாக அவர்கள் சொல்லும் கதையை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் பதிவு செய்திருக்கிறார்.

ஒரே மாவட்டம் என்றாலும் பாலூட்டும் வரலாறு மலைக்கும் சமவெளிக்கும் ஒன்றல்ல. கீழே பிள்ளை பெற்றவளுக்கு யோசனை சொல்ல ஆள் அதிகம்: மாமியார், மருத்துவச்சி, கம்பெனி விளம்பரம், மருத்துவமனை. மேலே யோசனை கேட்கக்கூட ஆள் அருகில் இல்லாத காலம் நெடுநாள் நீடித்தது. இரண்டு இடத்திலும் தாய்மார் வாயிலிருந்து வந்த புகார் மட்டும் ஒன்றுதான்: “பால் பத்தல.” அந்தப் புகாருக்குப் பின்னால் இருந்த காரணம், பெரும்பாலான வீடுகளில், பால் அல்ல.

முதல் மூன்று நாளை எடுத்துக்கொள்வோம். வீட்டுப் பிரசவம் வழக்கமாக இருந்த காலத்தில், முதலில் சுரக்கும் பாலைக் கெட்ட பால் என்று பீச்சி வெளியே ஊற்றுவது தமிழகக் கிராமங்களில் பரவலான பழக்கம். ‘நல்ல பால்’ இறங்கும்வரை குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர், சில ஊர்களில் கழுதைப்பால். கழுதையை ஓட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் பால் விற்கும் ஆட்களை நம் சிற்றூர்களில் இப்போதும் பார்க்கலாம். சஞ்சீவி மருந்து என்று ஒரு சங்கு அளவுக்கு நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

பீச்சி ஊற்றப்பட்ட அந்தச் சீம்பாலில்தான் நோய் எதிர்ப்புப் பொருள்கள் செறிந்திருக்கின்றன. அளவு மிகக் குறைவாக இருப்பதைக் கண்டு பயப்படவும் வேண்டியதில்லை. பிறந்த அன்று குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்குக் கொள்வதே ஒன்றிரண்டு தேக்கரண்டிதான். இந்த முதல் நாள் எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. இங்குள்ள இரண்டு ஊரக வட்டாரங்களில் பிறந்த 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களை வைத்து 2011-இல் ஓர் ஆய்வு வெளியானது. பிறந்து 24 மணி நேரம் கழித்துத் தாய்ப்பால் தொடங்கிய குழந்தைகளின் இறப்பு அபாயம், அதற்குமுன் தொடங்கியவர்களைவிட முக்கால் பங்குக்கு மேல் கூடுதல் என்று அது காட்டியது. சேனை வைக்கும் ஆள் வரட்டும் என்று காத்திருந்த வீடுகளில் எத்தனை குழந்தைகள் அந்தக் கணக்கில் விழுந்தனவோ.

பழைய வழக்கம் எல்லாமே கெடுதல் என்று தள்ளிவிடவும் முடியாது. குழந்தைக்கு அருகிலேயே தாய் படுத்திருப்பது, அழுதபோதெல்லாம் மார்பில் போடுவது, மாதக்கணக்கில் தாய்வீட்டில் ஓய்வு, பூண்டும் முருங்கைக்கீரையும் பால்சுறாவும் சேர்ந்த சாப்பாடு ஆகியவற்றை இன்றைய மருத்துவரும் குறை சொல்ல மாட்டார். குறை சொல்லவேண்டியது பத்தியத்தின் பேரால் நடக்கும் பட்டினியை. “பச்சைத் தண்ணி குடிச்சா புள்ளைக்குச் சளி பிடிக்கும்” என்று தாயின் தாகத்துக்கே அளவு வைத்த வீடுகள் இருந்தன. பால் கொடுக்கும் பெண்ணுக்குத் தாகம் எடுப்பது இயல்பு. எடுக்கும்போதெல்லாம் குடிக்க வேண்டும்.

உரை மருந்து இன்னொன்று. வசம்பு, சாதிக்காய், மாசிக்காய், சுக்கு, கடுக்காய் என்று வேகவைத்து உலர்த்திய சரக்குகளைக் கல்லில் உரசித் தாய்ப்பாலில் குழைத்துப் புகட்டுவார்கள். அதில் சேரும் கடுக்காய் கல்வராயன் மலையின் பேர்பெற்ற சரக்கு. மலைமக்கள் காட்டில் பொறுக்கி வந்து தரும் கடுக்காய் சமவெளிச் சந்தைகளுக்கும் நாட்டு மருந்துக் கடைகளுக்கும் இறங்கியது. ஆனால் முதல் ஆறு மாதம் குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும், தண்ணீர்கூட, வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. உரைகல்லில் ஒட்டும் கிருமி, கூடிப்போகும் அளவு இரண்டுமே பச்சிளங்குழந்தைக்கு ஆபத்து. தேனும் அப்படியே, ஒரு வயது முடியும்வரை அதை நாக்கில் தடவவே கூடாது.

மலைமேல் நிலைமை வேறு. கல்வராயன் மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்தார் குடும்பங்களின் பிடியில் இருந்தது. அவர்களுடைய நிலத்தில் மலைமக்கள் கூலியில்லாமல் உழைக்க வேண்டியிருந்தது. அதற்கு அத்தூழியம் என்று பெயர். 1976-இல் அரசு மலையைத் தன் நிர்வாகத்தின்கீழ் கொண்டுவந்தபோதுதான் அந்த முறைக்கு முடிவு வந்தது. அதன் பிறகும் சாலை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் ஒவ்வொன்றாக, மெதுவாகவே ஏறின. பிரசவம் சிக்கலானால் பெண்ணைத் தூளியில் கிடத்திக் கம்பில் கட்டி ஆட்கள் தோளில் சுமந்து இறங்கினார்கள். இறங்கும் வழியிலேயே பிறந்த பிள்ளைகளும் உண்டு, வழியிலேயே போன உயிர்களும் உண்டு. சாமையும் கேழ்வரகும் விதைக்கிற பருவத்தில் பிள்ளை பெற்றவளுக்கு மூன்று மாத ஓய்வு என்பது நடக்கிற காரியமல்ல. மார்பில் பால் இருந்தது. கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்த தாய்க்கும் மரக்கிளைத் தூளியில் அழுத பிள்ளைக்கும் இடையிலிருந்த தூரம்தான் சிக்கல்.

மலை ஜாகீர்தார்களிடம் இருந்த காலத்திலேயே சமவெளி நகரங்களுக்கு வேறொரு யோசனை கப்பலேறி வந்தது: கடிகாரம் பார்த்துப் பால் கொடுப்பது. நியூசிலாந்து மருத்துவர் ட்ரூபி கிங் 1907-இல் தொடங்கிய பிளங்கெட் சங்கம், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பால், இரவில் கிடையாது, இடையில் அழுதால் தூக்காதே என்று கற்பித்தது. பிரிட்டிஷ் பேரரசு எங்கும் அது நாகரிகத் தாய்மையின் இலக்கணமானது. 1920-களில் இந்திய நகரங்களில் நடந்த குழந்தை வாரக் கண்காட்சிகளின் காலமும் அதுதான். ஒழுங்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் குழந்தை உறிஞ்சி எடுக்க எடுக்கத்தான் உடல் அடுத்த பாலைத் தயாரிக்கிறது; இறைக்கிற கிணறுதான் ஊறும். இரவில் பால் சுரப்புக்கான ஹார்மோன் கூடுதலாகச் சுரப்பதால் இரவுப் பாலை நிறுத்தினால் பகல் பாலும் குறையும். நான்கு மணி நேரக் கணக்குக்குக் கட்டுப்பட்ட தாய்மார்களுக்குச் சில வாரங்களில் பால் வற்றியதில் ஆச்சரியம் இல்லை. வற்றிய இடத்தை நிரப்பத் தகரடப்பா தயாராக இருந்தது.

டப்பாவின் கதை 1867-இல் சுவிட்சர்லாந்தில் ஹென்றி நெஸ்லே விற்கத் தொடங்கிய குழந்தை மாவோடு ஆரம்பிக்கிறது. இந்தியாவில் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1950-களில் எருமைப் பாலிலிருந்து குழந்தைப் பால்மாவு செய்யும் முறையைக் கண்டது. அமுல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தாயை இழந்த குழந்தைக்கு அது உயிர் காத்த பொருள், அதில் ஐயமில்லை. ஆனால் விளம்பரம் குறிவைத்தது தாயில்லாப் பிள்ளைகளை அல்ல. கொழுகொழு குழந்தையின் படம் போட்ட டப்பா வசதியின் அடையாளமாயிற்று. கிணற்றுத் தண்ணீரில் கலக்கி, ஒரு டப்பாவை இரண்டு மாதத்துக்கு இழுக்க நீர்க்கக் கரைத்து, சரியாகக் கழுவாத புட்டியில் ஊற்றியபோது ஏழை வீட்டுக் குழந்தைக்குப் பேதியும் மெலிவும் வந்தன.

மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசும்போது இதைக் கொலை என்றே சொன்னார். உலகம் காது கொடுக்க நாற்பது ஆண்டுகள் ஆயின. 1977-இல் நெஸ்லே பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் அமெரிக்காவில் தொடங்கியது. 1981 மே 21 அன்று உலக சுகாதாரப் பேரவை பால்மாவு விற்பனைக்கான பன்னாட்டு நெறிமுறையை ஏற்றது. ஆதரவாக 118 நாடுகள். எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா.

இந்தியா இதில் பின்தங்கவில்லை. 1992-இல் நிறைவேறி 1993 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், குழந்தைப் பால்மாவுக்கும் பால்புட்டிக்கும் விளம்பரம், இலவச மாதிரி, தள்ளுபடி எல்லாவற்றையும் தடுத்தது. டப்பாவில் தாயின் படமோ குழந்தையின் படமோ இருக்கக் கூடாது. மீறினால் மூன்றாண்டுவரை சிறை. 2003-இல் சட்டம் இன்னும் இறுக்கப்பட்டது. ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரமாகக் கொண்டாடப்படுவதும் 1992-இல் தொடங்கியதே.

சட்டம் நடைமுறைக்கு வந்த அதே 1993-இல், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே கிடக்கும் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் மருத்துவத் தம்பதியர் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் ஓலைக்குடிசை ஒன்றில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். தர்மபுரி மாவட்டத்தைச் சேர்ந்த பள்ளத்தாக்கு என்றாலும் அங்கும் வாழ்பவர்கள் அதே மலையாளி மக்களே. பக்கத்து மருத்துவமனைக்கு அரூர் வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் போக வேண்டும். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. பழங்குடி நலவாழ்வு முயற்சி என்ற பொருள்படும் பெயரில் அவர்கள் தொடங்கிய நிறுவனம் பெரிய கருவிகளோடு வரவில்லை. உள்ளூர்ப் பெண்களுக்கே பிரசவம் பார்க்கவும், பச்சிளங்குழந்தையைக் கவனிக்கவும், வீடு வீடாகப் போய்த் தாய்மாரிடம் பேசவும் பயிற்சி கொடுத்தது. ஊர்க்காரி சொன்னால் ஊர் கேட்கும். குழந்தை இறப்பு பல மடங்கு குறைந்தது. கூப்பிடு தூரத்தில் பயிற்சி பெற்ற ஒரு பெண் இருப்பது மலைக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதை அந்தப் பள்ளத்தாக்கு காட்டியது.

அரசு மருத்துவமும் மலையேறியது. 108 ஆம்புலன்ஸ் 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் ஓடத் தொடங்கியது. சிறுவங்கூரில் அமைந்த கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தின் மற்ற பத்துப் புதிய மருத்துவக் கல்லூரிகளோடு முறைப்படி திறக்கப்பட்டது. 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. ஆனால் அதே கணக்கெடுப்பில், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 60.2 விழுக்காடுதான். ஆறு மாதத்துக்குள் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் 55.1 விழுக்காடு, இந்தியச் சராசரியான 63.7-ஐவிடக் குறைவு. மருத்துவச்சி போய், மருத்துவர் வந்த பிறகும் முதல் மணி நேரம் தவறுகிறது.

ஒரு காரணம் அந்தக் கணக்கெடுப்பிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். தையல் வலியோடு மல்லாந்து படுத்திருக்கும் தாயிடம் குழந்தையைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். ஒருக்களித்துப் படுத்துக்கொண்டோ, குழந்தையைத் தையலில் படாமல் கக்கத்துக்குக் கீழே பக்கவாட்டில் ஏந்திக்கொண்டோ பால் கொடுக்க முடியும். மயக்க மருந்து கொடுத்திருந்தாலும் தாய் விழித்தவுடன் தொடங்கலாம். வெளியே காத்திருக்கும் உறவினர் செவிலியரிடம், “பால் குடுக்கலாமா, சிஸ்டர்?” என்று கேட்பதே பல நேரங்களில் போதும்.

அடுத்து வருவது காம்பு வெடிப்பு. வலிக்குக் காரணம் பெரும்பாலும் குழந்தை காம்பை மட்டும் கவ்வுவது. வாய் அகலத் திறந்தபின், காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதி வாய்க்குள் போகுமாறு, தாடை மார்பில் படுமாறு சேர்க்க வேண்டும். வலித்தால் சுண்டுவிரலைக் குழந்தையின் வாயோரம் விட்டு எடுத்து மறுபடி சேர்க்கலாம். புண்ணுக்குச் சொந்தப் பாலின் கடைசிச் சொட்டுகளைத் தடவிக் காற்றாட விடுவது எளிய வைத்தியம். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பால் கட்டி மார்பு கல்லாக இறுகினால் நிறுத்தக் கூடாது. கொடுப்பதற்குமுன் வெந்நீர் ஒத்தடம், கொஞ்சம் கையால் பீச்சி இளக்கிக் குழந்தையைச் சேர்ப்பது, கொடுத்தபின் குளிர்ந்த ஒத்தடம். காய்ச்சலும் சிவப்பும் சேர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்போதும் அந்த மார்பில் கொடுக்கலாம்.

பால் கட்டினால் மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டும் பழக்கம் நம்மூரில் உண்டு. அது வீண் நம்பிக்கை அல்ல. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், பால் சுரப்பை நிறுத்துவதில் மல்லிகை புரோமோகிரிப்டின் மாத்திரையோடு போட்டியிட்டது. அதனாலேயே, கொடுத்துக்கொண்டிருக்கும் தாய்க்கு மல்லிகை வேண்டாம். குழந்தையை இழந்தவளுக்கான வைத்தியம் அது.

பால் போதுமா என்பதை அழுகையை வைத்து அளக்க முடியாது. ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை குடித்து, ஐந்தாறு நாளுக்குப் பிறகு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, இரண்டு வாரத்துக்குள் பிறப்பு எடையைத் திரும்ப எட்டினால் போதும் என்று அர்த்தம். குறைமாதக் குழந்தைக்கு உறிஞ்ச வலு இல்லையென்றால் பீச்சிய பாலைப் பாலாடையில் புகட்டலாம். நம் வீட்டுப் பித்தளைப் பாலாடை இன்று உலகப் பச்சிளங்குழந்தை மருத்துவ நூல்களில் இடம்பெற்ற கருவி. புட்டியைவிடக் கழுவுவதும் எளிது.

இத்தனையும் தெரிந்த தாய்க்கும் வேலை இருக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பெண் ஊழியருக்கு 2021 ஜூலை முதல் ஓராண்டு மகப்பேறு விடுப்பு. கரும்பு வெட்டப் போகிறவளுக்கும், கல்வராயன் மலையிலிருந்து கூலிக்காகக் குடும்பத்தோடு வெளியூர் போகிறவளுக்கும் விடுப்பு தர முதலாளி யாரும் இல்லை. 1987-இல் 300 ரூபாயில் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் இப்போது 18,000 ரூபாய் வரை வளர்ந்திருப்பது அவளுக்கு ஓரளவு ஆறுதல். நூறு நாள் வேலையிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் இருந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ளவே ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து நியமிக்கச் சட்டம் இடம் தந்தது. கேட்டு வாங்கிய இடங்கள் குறைவு. 2015 ஆகஸ்டில் தமிழகப் பேருந்து நிலையங்களில் 352 பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. அதே ஆண்டு அறிமுகமான குழந்தைநலப் பரிசுப் பெட்டகத்தின் பதினாறு பொருள்களில் தாய்க்கென்று சௌபாக்கிய சுண்டி லேகியமும் இருந்தது. 2024 நவம்பர் 15 அன்று அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், கடுமையாக மெலிந்த ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்காகத் தரப்படும் பெட்டகம் தாய்க்கே போகிறது. குழந்தை மெலிந்தால் டப்பாவை நீட்டுவதற்குப் பதிலாகத் தாய்க்குச் சாப்பாடு போடும் அந்த முடிவு, நூறாண்டு யோசனைகளில் உருப்படியான ஒன்று.

மலையிலோ சமவெளியிலோ, பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பார்க்கப் போகிறவர்கள் சர்க்கரைத் தண்ணீரையும் பால்மாவு டப்பாவையும் விட்டுவிட்டு, தாய்க்கு ஒரு வேளைச் சோறு கொண்டு போகலாம். சேனை வைத்தே தீரவேண்டும் என்றால் அந்த உரிமையைப் பெற்றவளுக்குக் கொடுத்துவிடுங்கள். முதல் மணி நேரத்தில் அவளுடைய சீம்பாலே நாக்கில் படட்டும்.